புதிய ஊரில் பொதுநிலத்தில் கூடாரமடிக்க இடம் தேடுதல்: எந்த வழி எதற்கு உதவும்?

வேலை மாறி டல்லாஸிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ கொலராடோ மாநிலத்தின் டென்வருக்குக் குடிபோகும் ஒரு குடும்பம், நகரை விட்டு மேற்கே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினாலே தேசிய வனங்களுக்குள் நுழைந்துவிடுகிறது. கோடை வார இறுதிகளில் முகாம் மைதானங்களில் முன்பதிவு கிடைக்காமல் சலித்துப்போனவர்களுக்கு, அந்த வனங்களில் கட்டணமோ முன்பதிவோ இல்லாமல் தாமே இடம் தேர்ந்து தங்கலாம் என்ற செய்தி முதலில் நம்பும்படியாக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிக் கால் வைப்பதே குற்றம் என்று அறிந்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இயல்புதான். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நிலைமை ஏறத்தாழத் தலைகீழானது: தடை செய்யப்படாத இடத்தில் தங்கலாம் என்பதே அங்கே பொது விதி. ஆனால் எந்த இடம் தடை செய்யப்பட்டது என்பதை எல்லா இடங்களிலும் பலகை வைத்துச் சொல்வதில்லை என்பதால், அதைக் கண்டறியும் பொறுப்பு முழுவதும் போகிறவர் தலையில் விழுகிறது.

கண்டறிய ஐந்து வழிகள் வழக்கில் உள்ளன. அரசுத் துறைகள் வெளியிடும் வரைபடங்கள், உள்ளூர் ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, நில எல்லைகளைக் காட்டும் கட்டணச் செயலிகள், பயணிகளே இடங்களைப் பதிவுசெய்யும் செயலிகள், செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கொண்டு தாமே தேடுவது ஆகியவை அவை. பெரும்பாலோர் பயணிகளின் செயலியில் தொடங்கி, ஏதாவது சிக்கல் வந்த பிறகே அலுவலகத்தைக் கூப்பிடுகிறார்கள். புதிய பகுதியில் அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைக் கொலராடோவை முதன்மை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நிலம் யாருடையது என்பதைப் பிரித்தறிய வேண்டும், ஏனெனில் விதிகள் அதைப் பொறுத்தே மாறுகின்றன. வேளாண் துறையின் கீழ் 1905 முதல் இயங்கும் அமெரிக்க வனத்துறையிடம் 154 தேசிய வனங்களும் 20 தேசியப் புல்வெளிகளுமாக ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர் உள்ளது. இன்டீரியர் துறையின் கீழ் 1946-இல் அமைக்கப்பட்ட நில மேலாண்மைப் பணியகம், அதாவது எல்லோரும் பி.எல்.எம். என்று அழைக்கும் அமைப்பு, ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கரை நிர்வகிக்கிறது. அதில் கொலராடோவில் உள்ள 83 லட்சம் ஏக்கரும் பெரும்பாலும் மாநிலத்தின் மேற்குப் பாதியில் இருக்கிறது. கழிப்பறை, குடிநீர், எண்ணிட்ட மனை எதுவும் இல்லாத, டிஸ்பர்ஸ்டு கேம்பிங் எனப்படும் முகாம் பொதுவாக அனுமதிக்கப்படுவது இவ்விரு நிலங்களிலும்தான். இரண்டிலும் ஒரே இடத்தில் தங்குவதற்கான வரம்பு பெரும்பாலும் 14 நாள். நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளித் தங்க வேண்டும் என்பதும் பொதுவாக எல்லா இடங்களிலும் கேட்கப்படுவது.

மற்ற அரசு நிலங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ராக்கி மவுண்டன் போன்ற தேசியப் பூங்காக்களில் மனையும் வசதிகளும் கட்டி அமைத்த முகாம் மைதானத்திலோ, அனுமதிச் சீட்டு பெற்று நடந்துபோய்ச் சேரும் முகாமிலோ மட்டுமே தங்க முடியும். பள்ளிகளுக்கு வருவாய் ஈட்டுவதற்காக மாநிலங்கள் வைத்திருக்கும் டிரஸ்ட் நிலங்கள் கொலராடோவில் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில்லை. அரிசோனாவில் அவற்றில் நுழையத் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கொலராடோவின் மாநில வனவிலங்குப் பகுதிகளுக்குள் போகவே 2020 முதல் வேட்டை அல்லது மீன்பிடி உரிமமோ அதற்கென உள்ள பாஸோ தேவைப்படுகிறது. வரைபடத்தில் எல்லாம் அரசு நிலமாகவே தெரியும் என்பதால், புதிதாக வருபவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான்.

இனி வரைபடங்களுக்கு வருவோம். தேசிய வனங்களைப் பொறுத்தவரை, எம்.வி.யு.எம். எனப்படும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடத்துக்கு இணையான ஆவணம் வேறில்லை. 2005-இல் வனத்துறை கொண்டுவந்த பயண மேலாண்மை விதியிலிருந்து பிறந்த இந்த வரைபடம், எந்தெந்தச் சாலைகளில் எந்தெந்த வண்டி எந்த மாதங்களில் போகலாம் என்பதைச் சட்டபூர்வமாக வரையறுக்கிறது. ஒரு சாலை இதில் இல்லையென்றால், தரையில் அது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், தடைப் பலகை எதுவும் இல்லாவிட்டாலும், வண்டிகளுக்கு அது மூடப்பட்டதே. முகாமிடுவோருக்கு இதில் முக்கியமானது சாலைக்கோட்டின் ஓரமாக வரும் புள்ளி வரிசை. அப்புள்ளிகள் உள்ள சாலையில், வரைபடத்தின் குறிப்பில் சொல்லப்பட்ட தூரம் வரை, பல இடங்களில் 300 அடி வரை, வண்டியைச் சாலையிலிருந்து விலக்கி ஓட்டிப்போய்க் கூடாரமடிக்கலாம். புள்ளிகள் இல்லாத சாலையில் பொதுவாக வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, கூடாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துபோய்த்தான் அடிக்க வேண்டும். ஒரே வனத்துக்குள் பக்கத்துப் பக்கத்துச் சாலைகளில்கூட இது மாறும் என்பதால், வனத்தின் நிர்வாகப் பிரிவான ஒரு ரேஞ்சர் மாவட்டத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மாவட்டத்துக்கும் அதுவே பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. அலுவலகத்தில் தாளாக வாங்கலாம், அவென்ஸா செயலியில் இறக்கிக்கொண்டால் கைப்பேசியில் சிக்னல் இல்லாத இடத்திலும் நாம் நிற்கும் புள்ளியைக் காட்டும். குறைகளும் உண்டு. கறுப்பு வெள்ளையில் எண்கள் நெருக்கியடித்திருக்கும் இதைப் படிக்கப் பழக வேண்டும். மேடு பள்ளம் தெரியாது, சாலையின் நிலை தெரியாது, கூடாரமடிக்கச் சமதளம் இருக்கிறதா என்பது தெரியவே தெரியாது. சட்டப்படி திறந்த சாலை என்பதற்கும் நம் வண்டி போகக்கூடிய சாலை என்பதற்கும் இடைவெளி பெரிது. நம்மவர் வீட்டு வாசல்களில் அதிகம் நிற்கும் சியன்னா, ஒடிஸி மினிவேன்கள் மலைச்சாலையின் முதல் பாறைப் படியிலேயே அடிதட்டிவிடும். வனச்சாலைப் பலகையில் எண் கிடைமட்டமாக எழுதப்பட்டிருந்தால் சாதாரணக் கார் போகலாம், செங்குத்தாக எழுதப்பட்டிருந்தால் தரையிலிருந்து உயரமான வண்டி வேண்டும் என்பது வனத்துறையின் பொது வழக்கம். ஆனால் இதை அறிய அந்தச் சாலை முனைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பி.எல்.எம். நிலத்துக்கு இப்படி நாடு முழுவதற்கும் ஒரே வடிவில் அமைந்த வரைபடம் இல்லை. நிலத்தின் உடைமையை நிறம் பிரித்துக் காட்டும் அதன் வரைபடங்களில் மஞ்சள் பி.எல்.எம்., பச்சை வனத்துறை, நீலம் மாநிலம், வெள்ளை தனியார் என்பதைப் பழகிக்கொண்டால் ஒரு வட்டாரத்தின் அமைப்பு விரைவில் பிடிபடும். அதற்கு மேல் எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே முகாமிடத் தடை உள்ளது என்பவற்றை அந்தந்தக் கள அலுவலகத்தின் ஆவணங்களில் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே பி.எல்.எம். பகுதிகளில் வரைபடத்தின் மதிப்பு சற்றுக் குறைந்து, தொலைபேசியின் மதிப்பு கூடுகிறது.

தொலைபேசி அழைப்பை நம்மில் பலர் கடைசி வழியாக வைத்திருப்பதற்குக் கூச்சமும் ஒரு காரணம். அந்த அலுவலகத்தின் முன்மேசையில் இருப்பவருக்கு இத்தகைய கேள்விகளுக்குப் பதில் சொல்வதே வேலை என்பதை நினைவில் கொண்டால் அந்தத் தயக்கம் போய்விடும். அழைப்பின் பயன் கேள்வியைக் கேட்கும் விதத்தில் இருக்கிறது. “நல்ல இடம் எது?” என்று கேட்டால், எல்லோருக்கும் சொல்லும் பெயரையே நமக்கும் சொல்வார்கள், ஏற்கெனவே நெரிசலான ஓர் இடத்தை மேலும் நெரிசலாக்க அவர்களுக்கும் விருப்பம் இருக்காது. வரைபடத்தைப் பார்த்து இரண்டு மூன்று சாலை எண்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, “இந்தச் சாலையின் பனிக்காலக் கதவு திறந்துவிட்டதா, முதல் மூன்று மைல் வரை மினிவேன் போகுமா, இப்போது எந்தக் கட்டத் தீத்தடை நடப்பில் இருக்கிறது, இந்த ஓடையை ஒட்டி முகாமிடத் தடை ஏதும் உண்டா?” என்று கேட்டால், பதில் வேறு தரத்தில் வரும். கொலராடோவின் உயரமான சாலைகள் சிலவற்றில் ஜூன் மாதம் வரைக்கும் பனி கிடக்கும் என்பதையும், யூட்டாவின் சில மண்சாலைகள் பென்டோனைட் களிமண்ணால் ஆனவை, ஒரு மழை பெய்தால் நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிகூட வழுக்கி நின்றுவிடும் என்பதையும், எந்தச் செயலியும் நேற்றைய நிலவரத்தோடு சொல்வதில்லை.

தீத்தடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது வாரத்துக்கு வாரம் மாறும். முதல் கட்டத் தடை அமலில் இருந்தால் கட்டிய மைதானத்தின் இரும்பு வளையத்துக்குள் மட்டுமே விறகு எரிக்கலாம். நாமே தேர்ந்த இடத்தில் விறகும் கூடாது, கரியடுப்பும் கூடாது. இரண்டாம் கட்டத்தில் எங்குமே நெருப்பு மூட்ட முடியாது. திறந்து மூடும் திருகு உள்ள வாயு அடுப்பை மட்டும் பொதுவாக விட்டுவைப்பார்கள். கலிஃபோர்னியாவில் தடை இல்லாத காலத்திலும், கட்டிய மைதானத்துக்கு வெளியே வாயு அடுப்பைப் பற்றவைக்கவே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தீ அனுமதிச் சீட்டு வேண்டும். அழைப்பின் பெரிய குறை அலுவலக நேரம்தான். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடித்துக் கிளம்பும்போது அங்கே தொலைபேசியை எடுக்க ஆளிருக்காது. வியாழக்கிழமைக்குள் பேசிவிட வேண்டும்.

மூன்றாவது வழியான கட்டணச் செயலிகளில் ஆன்எக்ஸ், கையா ஜி.பி.எஸ். ஆகியவை பரவலாகத் தெரிந்தவை. மொன்டானாவில் தொடங்கிய ஆன்எக்ஸ், தனியார் நிலத்தில் தவறி நுழைந்துவிடாமல் இருக்க விரும்பிய வேட்டைக்காரர்களுக்காகவே முதலில் உருவானது. இன்றும் அதன் வலிமை எல்லைக்கோடுகளில்தான் இருக்கிறது. இந்த வசதிக்குப் பணம் கொடுப்பது தகுமா என்பது நிலத்தின் வரலாற்றைப் பொறுத்தது. 1862-ஆம் ஆண்டின் பசிபிக் ரயில்வே சட்டப்படி, தண்டவாளத்தின் இருபுறமும் ஒரு சதுர மைல் ரயில் நிறுவனத்துக்கு, அடுத்த சதுர மைல் அரசுக்கு என்று மாற்றி மாற்றி வழங்கியதால், தெற்கு வயோமிங்கிலும் வடக்கு நெவாடாவிலும் நிலம் இன்றும் சதுரங்கப் பலகையாகக் கிடக்கிறது. கொலராடோ மலைகளில் சிக்கல் வேறு விதம்: 1872-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தால் தனியார் கைக்குப் போன சின்னஞ்சிறு சுரங்க மனைகள், தேசிய வனத்தின் நடுவே வேலியும் பலகையும் இல்லாமல் சிதறியிருக்கின்றன. வேலி போடாததால் நிலம் பொதுவாகிவிடாது. கொலராடோவில் உரிமையாளர் பலகை வைக்கக் கடமைப்பட்டவரும் அல்ல. டென்வருக்கு வடகிழக்கே உள்ள பாவ்னீ தேசியப் புல்வெளியிலும் அரசு நிலமும் பண்ணை நிலமும் அப்படித்தான் பின்னிக்கிடக்கின்றன. இத்தகைய இடங்களுக்கு அடிக்கடி போவதாக இருந்தால் சந்தா செலவு நியாயமானது. அரிசோனாவிலோ யூட்டாவிலோ மைல்கணக்கில் ஒரே மஞ்சள் நிறமாகக் கிடக்கும் பாலைவனத்துக்கு மட்டும் போகிறவருக்கு அது தேவைப்படாது. கால்டோப்போ என்னும் இணைய வரைபடத் தளத்தில், நிலம் எந்தத் துறையுடையது என்று காட்டும் அடுக்கை வைத்துப் பார்த்தாலே போதும். எந்தச் செயலியானாலும், கைப்பேசி காட்டும் நிலையும் எல்லைக்கோட்டுத் தரவும் கொஞ்சம் பிசகக்கூடியவை என்பதால், கோட்டை ஒட்டியே கூடாரமடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

இனி, எல்லோரும் முதலில் திறக்கும் வழி. ஐஓவர்லேண்டர், கேம்பெண்டியம், தி டிர்ட் போன்ற செயலிகளில், ஏற்கெனவே தங்கியவர்கள் இடத்தைப் புள்ளியிட்டு, படம் சேர்த்து, சிக்னல் கிடைத்ததா, சாலை எப்படி இருந்தது, பக்கத்தில் யார் ஜெனரேட்டர் ஓட்டினார்கள் என்பது வரை எழுதிவைத்திருக்கிறார்கள். வரைபடமும் ரேஞ்சரும் சொல்லாத தகவல்கள் இவை, இவற்றின் பயனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. சமதளம் இருக்கிறதா, நிழல் உண்டா, இரவில் பெண்களும் குழந்தைகளும் இருக்க ஏற்ற இடமா என்பதை இங்கேதான் ஊகிக்க முடியும். ஆனால் ஒரு புள்ளி சொல்வது “இங்கே ஒருவர் தங்கினார்” என்பதை மட்டுமே. அவர் தங்க அனுமதி இருந்ததா, இன்றும் இருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை.

கடந்த சில ஆண்டுகளில் இந்த வேறுபாடு பெரிதாகிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டம் பெருகி, மனிதக் கழிவும் தீக்குழிகளும் நிறைந்த பிறகு, மேற்கில் பெயர்பெற்ற பல இடங்களில் நிர்வாகம் விருப்பப்படி தங்கும் உரிமையை நீக்கிவிட்டுக் குறிக்கப்பட்ட மனைகளுக்கு மாறியது. கொலராடோவின் கிரெஸ்டட் பியூட்டைச் சுற்றிய பள்ளத்தாக்குகளிலும், அரிசோனாவின் செடோனாவுக்கு மேற்கேயும் இப்போது கம்பமோ எண்ணோ உள்ள இடத்தில் மட்டுமே தங்கலாம். யூட்டாவின் மோவாபைச் சுற்றியுள்ள பி.எல்.எம். நிலத்தின் பெரும்பகுதியும் அப்படித்தான். அங்கே கையோடு கொண்டுபோகும் கழிப்பறைச் சாதனமும் கட்டாயம். கலிஃபோர்னியாவில் லோன் பைன் ஊரை ஒட்டிய அலபாமா ஹில்ஸ், 2019-இல் தேசிய இயற்கைக்காட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டு, இப்போது இலவச அனுமதிச் சீட்டோடு குறித்த மனைகளில் மட்டுமே தங்கும் இடமாகியிருக்கிறது. செயலியில் இந்த இடங்களின் பழைய புள்ளிகளும் ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளும் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. அவற்றை நம்பி இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தால், அபராதச் சீட்டு ஒருபுறமிருக்க, இரவு பத்து மணிக்குக் குழந்தைகளோடு அடுத்த இடம் தேட வேண்டியிருக்கும். எனவே இந்தச் செயலிகளை வரைபடத்துக்கும் அழைப்புக்கும் பிறகு, சல்லடையில் ஏற்கெனவே தேறிய சாலைகளில் எது வசதி என்று பார்க்க மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதிலும் மிக அண்மைய பதிவுகளை மட்டும்.

செயற்கைக்கோள் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வனச்சாலையிலிருந்து பிரியும் சிறு வால்போன்ற தடங்களும் அவற்றின் முனையில் புல் தேய்ந்த வட்டமும் தெரிந்தால், அங்கே முன்பே பலர் தங்கியிருக்கிறார்கள் என்று அறியலாம். புதிய தரையை மிதிப்பதைவிட ஏற்கெனவே தேய்ந்த இடத்தில் தங்குவதே நிலத்துக்கும் நல்லது, துறைகளும் அதையே கேட்கின்றன. அடர்ந்த மரங்களுக்குக் கீழே இந்த வித்தை பலிக்காது. பாலைவனத்திலும் புல்வெளியிலும் நன்றாகப் பலிக்கும்.

இந்த ஐந்துக்கும் அப்பால், புதிய பகுதிக்கு முதன்முறை போகும் குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்கும் கலவை ஒன்று உண்டு: முதல் இரவைத் தேசிய வனத்தின் கட்டிய மைதானம் ஒன்றில் கழித்துவிட்டு, மறுநாள் பகல் வெளிச்சத்தில் சுற்றுச் சாலைகளைப் பார்த்துவைத்து, அடுத்த இரவை அங்கே கழிப்பது. ஒன்றிய அரசின் முன்பதிவுத் தளமான ரெக்ரியேஷன்.கவ்-இல் இத்தகைய மைதானங்கள் பலவற்றின் முன்பதிவு ஆறு மாதங்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது; ஆனால் முன்பதிவே இல்லாமல் முதலில் வருபவருக்கே மனை என்னும் மைதானங்களும் வனங்களுக்குள் இருக்கின்றன, வியாழக்கிழமை பிற்பகலில் போனால் அவற்றில் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியை அழைத்துப் போவதாக இருந்தால் இரண்டு இரவுகளையும் மைதானத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. ஆறு முதல் எட்டு அங்குலம் குழி தோண்டி மூடும் முறையை எழுபது வயதுக்காரரிடம் விளக்குவதும், 9,000 அடி உயரத்தில் அவருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு சிக்னல் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பதும், சேமித்த கட்டணத்துக்கு ஈடாகாது.

வாடகைக் காரில் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. தார் போடாத சாலையில் ஓட்டுவதைப் பல வாடகை ஒப்பந்தங்கள் தடை செய்கின்றன. அங்கே சக்கரம் சிக்கினாலோ அடிப்பகுதி அடிபட்டாலோ காப்பீடு கைவிட்டுவிடக்கூடும். அவர்களுக்கு எம்.வி.யு.எம். காட்டும் சாலைகளில் பெரும்பாலானவை முதலிலேயே விலகிவிடுவதால், கட்டிய மைதானமே பொருத்தம்.

குளிர்காலத்தில் அரிசோனாவுக்குப் போகிறவருக்குத் தேர்வு எளிதாகிறது. குவார்ட்ஸ்சைட் அருகே உள்ள லா போசா போன்ற பி.எல்.எம். நீண்டகாலத் தங்குமிடங்களில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் செலுத்திப் பருவம் முழுவதும் தங்கலாம் என்பதால், 14 நாள் கணக்கும் தேடலும் இல்லை. தனிமை வேண்டுவோர்க்கு அது ஏற்ற இடமல்ல. சில மாதங்கள் வண்டியிலேயே வாழ எண்ணுபவர்க்கு ஏற்றது.

மேலே சொன்ன வரிசை மேற்குக்குரியது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பி.எல்.எம். நிலம் ஏறத்தாழ இல்லை. நெவாடாவின் நிலத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு ஒன்றிய அரசுடையது என்றால், டெக்சஸில் அது 2 விழுக்காடு அளவுதான். டெக்சஸில் உள்ள நான்கு தேசிய வனங்களும் மாநிலத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கின்றன. அவற்றுள் ஹூஸ்டனுக்கு மிக அருகில் உள்ள சாம் ஹூஸ்டன் வனத்தில், மான் வேட்டைப் பருவத்தில் குறிக்கப்பட்ட முகாம்களில் மட்டுமே தங்க முடியும் என்பதால், அங்கே வரைபடத்தைவிட நாட்காட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் இருப்பவர்களுக்கு எம்.வி.யு.எம். பெரும்பாலும் பயன்படாது, அவர்களுக்கு எட்டும் பெரிய பொதுநிலமான அடிரோண்டாக் வனக்காப்பகம் மாநில அரசுடையது, அதன் விதிகளை மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையே வெளியிடுகிறது. சாலை, நடைபாதை, நீர்நிலை ஆகியவற்றிலிருந்து 150 அடி தள்ளித் தங்கலாம், அல்லது மஞ்சள் வட்டு அடித்துக் குறிக்கப்பட்ட இடங்களில் அந்தத் தூரக் கணக்கில்லாமல் தங்கலாம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து போனாலோ மூன்று இரவுகளுக்கு மேல் ஒரே இடத்தில் தங்கினாலோ முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நான்கு குடும்பங்கள் சேர்ந்து கிளம்பினாலே பத்துப் பேரைத் தாண்டிவிடும். அந்த அனுமதியைத் தருபவர் அப்பகுதியின் ஃபாரஸ்ட் ரேஞ்சர் என்பதால், அங்கும் முதல் வேலை அவரை அழைப்பதுதான்.